வெட்ஜ் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வெட்ஜ் என்பது கோல்ஃபில், குழி இருக்கும் க்ரீன் எனும் குட்டைப்புல் பரப்புக்குப் பந்தை உயரத் தூக்கிப் போடும் சாய்ந்த முக மட்டை. எங்கள் பட்டறைக்கு அதைக் கொண்டுவருபவரை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். "அண்ணே, ரெண்டே அடியில க்ரீன்கிட்ட வந்துட்டேன். அங்கேருந்து குழிக்குள்ள போட நாலு அடி. இது சரிப்பட்டு வராது. 60 டிகிரி வெட்ஜ் ஒண்ணு பார்த்துக் குடுங்க."

நான் அலமாரிப் பக்கம் போவதில்லை. அவர் கையில் இருக்கும் மட்டையை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, விளக்குக்குக் கீழே அடிப்பாகத்தைப் பார்ப்பேன். அண்மையில் வந்த ஒரு 56 டிகிரி வெட்ஜில் முன்விளிம்பை ஒட்டி மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் குரோம் பூச்சு தேய்ந்து உள்ளிரும்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு விரல் அகல அடிப்பாகம் கடையில் வாங்கிய அன்றைய பளபளப்போடு அப்படியே இருந்தது. ஆறு வருடம் அந்த மட்டை மண்ணைக் கொத்தியிருக்கிறது. மண்ணின் மேல் வழுக்கிப் போக அதற்கு ஒரு நாளும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வெட்ஜின் உயிர் அந்தப் பின்னடியில்தான் இருக்கிறது. முன்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்து புடைத்திருக்கும் அந்த அமைப்பைத்தான் பவுன்ஸ் என்கிறோம். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் தன் மட்டையின் பின்னடியில் ஈயப்பற்று வைத்துத் தடிமனாக்கினார். 1932 பிரிட்டிஷ் ஓப்பன் கிண்ணத்தை வென்றபோது அவர் பையில் அந்த மட்டை இருந்தது. மணலில் அடிக்க இன்று நாம் வாங்கும் சேண்ட் வெட்ஜ்கள் அதன் வாரிசுகள். அடிப்பாகம் மண்ணில் படாமல் முனை மட்டும் பட்டால் 200 வெள்ளி (டாலர்) மட்டையும் மண்வெட்டிதான்.

கீழே உள்ளவை வலக்கை ஆட்டக்காரருக்கு எழுதப்பட்டவை. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், பணப்பையைத் திறக்க வேண்டியது கடைசியில் வரும். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்தச் சோதனை

வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்று போதும். வெட்ஜின் அடிப்பாகம் முழுவதும் மை பூசுங்கள். அரை நிமிடம் காயவிட்டு, 20 மீட்டர் போகிற மாதிரி ஐந்து பந்துகள் சிப் (க்ரீனை நோக்கிய குட்டை அடி) அடியுங்கள். மட்டையைத் திருப்பி, மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள்.

அடியின் நடுவிலோ சற்றுப் பின்னாலோ அழிந்திருந்தால் மட்டை சரியாகத் தரையைத் தொடுகிறது. நேராக உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

முன்விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால், உங்கள் புகார் எதுவாக இருந்தாலும் அறிகுறி 1-இலிருந்து தொடங்குங்கள்.

குதிகால் பக்கமோ நுனிப் பக்கமோ மட்டும் அழிந்திருந்தால் நீங்கள் நிற்கும் தூரமோ, மட்டையின் லை கோணமோ (தண்டு தரையோடு சேரும் கோணம்) ஒத்துவரவில்லை. முதலில் அரை அடி தள்ளியும் நெருங்கியும் நின்று பாருங்கள். மாறவில்லையென்றால் பட்டறையில் லை கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். லாஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வு) கூடக்கூட லை கோணப் பிழை திசையை அதிகம் இழுக்கும். செங்குத்தாக இருந்தால் பந்து இடப்பக்கம், படுத்திருந்தால் வலப்பக்கம்.

அப்படியே மட்டையில் பொறித்திருக்கும் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 56, 12 என்று இரண்டு எண்கள் இருந்தால் முன்னது லாஃப்ட், பின்னது பவுன்ஸ். பவுன்ஸ் 4 முதல் 6 வரை குறைவு, 7 முதல் 10 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

அறிகுறி 1: பந்துக்கு முன்பே மண்ணைக் கொத்துகிறது

பட்டறைக்கு மிக அதிகமாக வரும் புகார் இது. இதோடு சேர்ந்து இன்னொரு வாக்கியமும் வரும்: "ரேஞ்சில நல்லாத்தான் போகுது, களத்துலதான் சொதப்புது."

அந்த வாக்கியத்திலேயே காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் நம்மில் பலர் பழகுவது ரேஞ்ச் எனும் பயிற்சித் திடலில், மேட் எனும் செயற்கைப் புல் விரிப்பின் மேல். பொதுமக்கள் ஆடக்கூடிய மரினா பே திடலும் 2024-இல் மூடப்பட்ட பிறகு, கிளப் உறுப்பியம் இல்லாதவர்களுக்குப் புல்லில் சிப் அடித்துப் பழக இடமே அரிதாகிவிட்டது. மேட்டில் பந்துக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் அடித்தாலும் மட்டை வழுக்கிச் சென்று பந்தைத் தூக்கிவிடும். சத்தம்கூட நன்றாகத்தான் கேட்கும். அதே அடியை மழைக்குப் பிந்திய கவ் கிராஸில் அடித்துப் பாருங்கள். அந்த அகல இலைப் புல்லுக்குக் கீழே மண் ஊறிக் கிடக்கும். முன்விளிம்பு அதில் புதைந்துவிடும், பந்து இரண்டு அடி நகரும். தவறு ரேஞ்சிலும் இருந்தது. மேட் அதை மூடிவைத்திருந்தது, அவ்வளவுதான்.

*அடி எங்கே இறங்குகிறது?* ஒரு கைத்துண்டை மடித்து, பந்துக்குப் பின்னால் ஏறக்குறைய அரைச் சாண், அதாவது 10 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். பத்துப் பந்து அடியுங்கள். துண்டு அசையக்கூடாது. மேட்டில் பழகுபவர்களுக்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது.

துண்டில் படுகிறதென்றால் பெரும்பாலும் உடல் எடை வலக்காலில் தங்கிவிடுகிறது. நிற்கும்போதே எடையில் பாதிக்கு மேல் இடக்காலுக்குக் கொடுங்கள், அடித்து முடிக்கும்வரை அங்கேயே வைத்திருங்கள். சட்டைப் பொத்தான் வரிசை பந்துக்கு மேலேயோ சற்று இடப்பக்கமோ இருக்க வேண்டும். பந்து இடக்கால் பக்கம் மிகவும் முன்னே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண சிப்புக்கு இரண்டு கால்களுக்கும் நடுவே இருந்தால் போதும்.

*துண்டில் படவில்லை, ஆனால் புல்லில் கொத்துகிறது.* இப்போது தண்டைக் கவனியுங்கள். நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்து நேர் எதிரே நின்று காணொளி எடுக்கச் சொல்லுங்கள். மட்டை பந்தைத் தொடும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். கைகள் பந்தைத் தாண்டி முன்னே போய், தண்டு குழியை நோக்கிச் சாய்ந்திருக்கும்.

"கையை முன்னால தள்ளு, கீழ்நோக்கி அடி" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தூரத்திலிருந்து அடிக்கும் ஏழாம் எண் அயர்ன் மட்டைக்கு அது நல்ல அறிவுரை. வெட்ஜில் கணக்கே வேறு. தண்டு எத்தனை டிகிரி முன்னே சாய்கிறதோ, கிட்டத்தட்ட அத்தனை டிகிரி பவுன்ஸ் குறைந்துவிடும். 10 டிகிரி பவுன்ஸ் உள்ள மட்டையை 10 டிகிரி சாய்த்துப் பிடித்தால் கையில் இருப்பது பவுன்ஸே இல்லாத கத்தி. காசு கொடுத்து வாங்கிய பவுன்ஸை நம் கையாலேயே அழித்துவிட்டு, மட்டை கொத்துகிறது என்று மட்டையைக் குறை சொல்கிறோம்.

இதற்கு மருந்து எளிது. மட்டையைத் தரையில் வைக்கும்போது தண்டை ஏறக்குறைய நேராக நிறுத்துங்கள், பிடியின் நுனி உங்கள் தொப்புளைப் பார்க்கட்டும். பந்தே இல்லாமல் புல்லின் மேல் மட்டையின் பின்னடியைத் தட்டித் தட்டிப் பழகுங்கள். சரியாகப் பட்டால் "தப்" என்று மொத்தையாக ஒரு சத்தம் வரும், புல் வாரிவிட்டதுபோல் படுத்துக்கொள்ளும், குழி விழாது. அந்தச் சத்தம் காதுக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு வாரம் கழித்து மார்க்கர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

*தண்டும் நேராக இருக்கிறது, இன்னும் கொத்துகிறது.* இப்போதுதான் மட்டையைச் சந்தேகிக்கலாம். பவுன்ஸ் 8-க்குக் கீழே இருந்தால், 12 அல்லது 14 உள்ள ஒரு வெட்ஜை யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு சுற்று ஆடிப் பாருங்கள். நம் ஊரில் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழையில் தரை பஞ்சுபோல் ஆகிவிடும். செங்குத்தாக மட்டையை இறக்கும் கைக்கு அப்போது பவுன்ஸ் கூடுதலாக இருந்தே ஆகவேண்டும். ஆண்டு முழுவதும் இங்கேயே ஆடும் ஒருவருக்கு 54 அல்லது 56 டிகிரியில் 12 பவுன்ஸுக்குக் குறையாத ஒரு மட்டையைத்தான் நான் முதலில் கையில் கொடுப்பேன்.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்?* துண்டுப் பயிற்சியை மூன்று வாரம் செய்தும் பத்தில் ஐந்து முறை துண்டு அசைந்தால் புதிய மட்டை வாங்காதீர்கள். பயிற்றுநரிடம் ஒரு மணி நேரம் போங்கள், அதுவும் புல்லில் சொல்லிக்கொடுப்பவரிடம். மட்டையின் விலையைவிடக் குறைவாகவே ஆகும்.

அறிகுறி 2: பந்தின் வயிற்றில் பட்டு, க்ரீனைத் தாண்டிச் சீறிப் பாய்கிறது

அறிகுறி 1-இன் உடன்பிறப்பு. ஒரே சுற்றில் இரண்டும் மாறிமாறி வருகிறதென்றால் தனித்தனியாக மருந்து தேடாதீர்கள். மட்டை தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்பதுதான் பொருள். மேலே உள்ள துண்டுச் சோதனைக்கே திரும்புங்கள்.

இது மட்டும் தனியாக வருகிறதா? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது, பந்தைக் கையால் தூக்கிவிட முயல்கிறீர்களா என்பது. வலது மணிக்கட்டு பந்துக்கு அடியில் கரண்டிபோல் அள்ளும், இடது முழங்கை மடங்கும், மட்டை மேலேறிக்கொண்டிருக்கும்போது பந்தைத் தொடும். 56 டிகிரி சாய்வு இருக்கும்போது தூக்கும் வேலை உங்களுடையதன்று. அடித்து முடித்ததும் மட்டையின் தலையை இடுப்புக்குக் கீழே நிறுத்திப் பழகுங்கள். பத்து அடியில் வித்தியாசம் தெரியும்.

அடுத்து தரை. பிப்ரவரி போல மழை குறைந்த வாரங்களிலும், மரத்தடியிலும், பகி வண்டி ஏறியிறங்கும் பாதையோரத்திலும் மண் சிமெண்டுபோல் இறுகிக் கிடக்கும். அங்கே 14 பவுன்ஸ் மட்டையை முகம் திறந்து (அதாவது முகத்தை வலப்பக்கம் திருப்பி) வைத்தால் பின்னடி தரையில் மோதித் துள்ளும், முன்விளிம்பு பந்தின் நடுவயிற்றுக்கு ஏறிவிடும். முகத்தைத் திறக்கத் திறக்க லாஃப்ட்டோடு பவுன்ஸும் கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இறுகிய தரையில் முகத்தைத் திறக்காதீர்கள். சாய்வு குறைந்த பிட்சிங் வெட்ஜையோ ஒன்பதாம் எண் அயர்னையோ எடுத்து, தாழ்வாகத் தட்டி உருளவிடுங்கள். அழகான அடி இல்லைதான், ஆனால் பந்து க்ரீனில் நிற்கும்.

மலேசியாவின் ஜோகூருக்கோ இந்தோனேசியாவின் பாத்தாமுக்கோ வாரயிறுதியில் போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். முதல் டீக்கு, அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்துக்குப் போகும் முன் சிப்பிங் க்ரீன் ஓரத்தில் மட்டையின் அடியால் தரையை நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். மெத்தென்றிருக்கிறதா, நங்கென்றிருக்கிறதா என்பது தெரிந்துவிட்டால், அன்றைக்கு எந்த வெட்ஜ் என்பதும் முடிவாகிவிடும். இதற்காகவே இரண்டு வெட்ஜ் வைத்திருப்பவர் ஒன்றை அதிக பவுன்ஸிலும் மற்றொன்றை 6, 8 என்று குறைவாகவும் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டும் 12 என்றால் இரண்டும் ஒரே நாளில் கைவிடும்.

அறிகுறி 3: பங்கரிலிருந்து (மணற்குழியிலிருந்து) பந்து வெளியே வரவில்லை

முதலில் ஒரு எச்சரிக்கை. பங்கரில் அடிப்பதற்கு முன் பந்துக்கு நேர் முன்னாலோ பின்னாலோ மட்டையால் மணலைத் தொடக்கூடாது. ஒத்திகை வீச்சிலும், மட்டையைப் பின்னே எடுக்கும்போதும் மணல் படக்கூடாது. கோல்ஃப் விதி 12.2. ஆனால் நிற்பதற்காகக் காலை மணலில் ஊன்றி அழுத்தலாம். அந்த அனுமதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மணல் எவ்வளவு ஆழம், எவ்வளவு ஈரம் என்று உள்ளங்கால் சொல்லிவிடும். கீழே உள்ள சோதனையெல்லாம் பயிற்சிப் பங்கருக்கு மட்டும்.

*கோடு சோதனை.* மணலில் மட்டையால் ஒரு நீளக் கோடு கிழியுங்கள். பந்து வேண்டாம். கோட்டுக்கு இருபுறமும் கால் வைத்து, கோட்டின் மேலேயே மட்டை இறங்குமாறு, கோடு நெடுக நகர்ந்து பத்து முறை வீசுங்கள். திரும்பி வந்து மணலில் விழுந்த பள்ளங்களைப் பாருங்கள்.

பள்ளங்கள் கோட்டுக்குப் பின்னால் அங்கும் இங்குமாகத் தொடங்கினால் எடை வலக்காலுக்குப் போகிறது. இடக்காலில் ஊன்றிக்கொண்டு திரும்பச் செய்யுங்கள்.

பள்ளங்கள் கோட்டில்தான் தொடங்குகின்றன, ஆனால் குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கின்றன, மட்டை உள்ளேயே நின்றுவிடுகிறது என்றால் முன்விளிம்பு கொத்துகிறது. முகத்தைத் திறங்கள். இதிலும் வரிசை உண்டு: முதலில் முகத்தைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகு பிடியைப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் மணிக்கட்டைத் திருகித் திறந்தால் அடிக்கும் கணத்தில் முகம் தானாக மூடிக்கொள்ளும்.

பள்ளங்கள் சரியாகவே இருக்கின்றன, தட்டையாக, ஒரு டாலர் நோட்டு அகலத்துக்கு மணல் பறந்திருக்கிறது, ஆனால் பந்து வைத்தால் மட்டும் வெளியே வருவதில்லை என்கிறீர்களா? அது பயம். பந்தைப் பார்த்ததும் கை பாதி வழியில் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஐந்து மீட்டர் பங்கர் அடிக்கும், வெளியே புல்லில் அதே தூரத்துக்குத் தேவைப்படுவதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய வீச்சு வேண்டும், ஏனென்றால் மட்டை பந்தைத் தொடுவதே இல்லை, மணல்தான் பந்தைத் தூக்கிப் போகிறது. மட்டை இடது தோளுக்கு மேலே போய் நிற்கும்வரை வீச்சை முடித்தே தீருவேன் என்று ஒரே ஒரு எண்ணத்தோடு நில்லுங்கள்.

*மழைக்குப் பிறகு.* நம் ஊரில் இதுதான் வழக்கமான நிலை என்பதால் தனியாகச் சொல்கிறேன். காலையில் அவ்வளவு நன்றாக வேலை செய்த திறந்த முகமும் அதிக பவுன்ஸும், பிற்பகல் இடிமழை அடித்து ஓய்ந்தபின் அதே பங்கரில் எதிரியாகிவிடும். நனைந்து இறுகிய மணலில் பின்னடி மோதித் துள்ளி, பந்தின் தலையில் போய்ப் படும். முகத்தைக் குறைவாகத் திறங்கள், அல்லது நேராகவே வையுங்கள். பந்துக்கு மிகவும் பின்னால் இறங்க வேண்டாம். வீச்சும் சற்றுக் குறையட்டும், ஈர மணலிலிருந்து பந்து வேகமாகக் கிளம்பும். பந்து பாதி புதைந்திருந்தால் முகத்தை மூடி, கொத்தவிடுங்கள். முன்விளிம்பு கொத்துவது நமக்கு உதவியாக இருக்கும் ஒரே இடம் அதுதான்.

பங்கரில் தண்ணீர் தேங்கி அதில் பந்து கிடந்தால், தண்டனை இல்லாமல் பங்கருக்குள்ளேயே விலக்கு எடுக்கலாம், வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஒரு அடி தண்டனை (விதி 16.1). ஆடவே முடியாத நிலை என்று அறிவித்துப் பந்தைப் பங்கருக்கு வெளியே கொண்டுபோக விரும்பினால், பந்து கிடந்த இடத்தையும் குழியையும் இணைக்கும் கோட்டில் பின்னோக்கிப் போய், இரண்டு அடி தண்டனையோடு போடலாம் (விதி 19.3). இது 2019-இல் வந்த மாற்றம். ஒரே பங்கரில் ஐந்து அடி அடிப்பவருக்கு அந்த இரண்டு அடி லாபம்தான்.

*மட்டைக்குச் செலவு செய்ய வேண்டியது எப்போது?* பங்கருக்குப் பிட்சிங் வெட்ஜை எடுத்துப் போகிறவர் உடனே ஒரு சேண்ட் வெட்ஜ் வாங்கலாம், யோசிக்கத் தேவையில்லை. அயர்ன் செட்டோடு வந்த பிட்சிங் வெட்ஜின் அடி மெல்லியது, மணலுக்குச் செய்யப்பட்டதே இல்லை. 60 டிகிரிதான் பங்கர் மட்டை என்று நினைப்பவர்கள் மேலே உள்ள கோடு சோதனையை 56-இல் முடித்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் 60 தேவைப்படாது.

அறிகுறி 4: பந்து க்ரீனில் நிற்காமல் ஓடுகிறது

துடைத்தீர்களா? கேட்பதற்குச் சின்ன விஷயம். ஈரப் புல்லில் மட்டையின் முகத்துக்கும் பந்துக்கும் இடையே தண்ணீர் புகுந்தால் பந்து முகத்தில் வழுக்கி மேலேறும். வழக்கத்தைவிட உயரமாகக் கிளம்பும், ஆனால் சுழற்சி இருக்காது, விழுந்ததும் ஓடும். காய்ந்த துண்டு ஒன்றைப் பைக்குள்ளே, மழை படாத இடத்தில் வைத்திருங்கள். வெளியே தொங்கும் துண்டு மூன்றாவது குழிக்குள் நனைந்துவிடும்.

அடுத்து வரிப்பள்ளங்கள். பந்தை ஏற்றி வைக்கும் மர டீயின் கூர்முனையை ஒவ்வொரு பள்ளத்திலும் இழுங்கள். காய்ந்த மண் வரும், சில மட்டைகளில் ஆச்சரியப்படும் அளவுக்கு வரும். பிறகு நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். விளிம்பில் நகம் மாட்டினால் நல்லது. நுனிப் பக்கம் மாட்டி, நடுவில் ஐம்பது காசு அளவு வட்டத்தில் மட்டும் வழுவழுவென்று போனால் அந்த முகம் தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வழி கிடையாது. பள்ளத்தைக் கூர்தீட்டும் சிறு கருவிகள் இணையத்தில் விற்கின்றன, வாங்காதீர்கள். 2010-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் பள்ளத்தின் கொள்ளளவுக்கும் விளிம்புக் கூர்மைக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. கையால் தீட்டினால் அந்த வரம்பைத் தாண்டியிருக்கிறோமா என்று உங்களாலும் என்னாலும் அளக்க முடியாது, போட்டியில் மட்டை செல்லாததாகிவிடும்.

பந்தையும் பாருங்கள். தூரத்துக்கென்று விற்கும் கெட்டித் தோல் பந்தில் எந்த வெட்ஜும் பெரிய சுழற்சியைத் தராது. மென்மையான யூரித்தேன் தோல் பந்து மூன்று வாங்கி ஒரு சுற்று ஆடிப் பாருங்கள். புது வெட்ஜுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.

பூச்சில்லாத வெட்ஜ் துருப்பிடித்திருக்கிறது, அதனால்தான் நிற்கவில்லையோ என்று சிலர் கேட்கிறார்கள். துரு காரணமில்லை. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது வரத்தான் செய்யும். ஆட்டம் முடிந்ததும் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவி வையுங்கள். நனைந்த பையைக் கார் டிக்கியிலேயே அடுத்த வாரம்வரை பூட்டி வைப்பதுதான் உண்மையான கேடு. அதைப் பற்றி அறிகுறி 7-இல் வருகிறேன்.

அறிகுறி 5: அதே மட்டை, ஒரு நாள் 60 மீட்டர், மறுநாள் 85

மட்டைகளுக்கிடையே உள்ள இடைவெளியை எழுதிப் பாருங்கள். இன்றைய அயர்ன் செட்களில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரி என்று வருகிறது. பழைய செட்களில் 48 வரை இருந்தது. அதற்கு அடுத்து உங்களிடம் இருப்பது 56 என்றால் நடுவில் 12 டிகிரிப் பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்பப் பாதி பலத்தில் ஒரு அடி, முக்கால் பலத்தில் ஒரு அடி என்று கையால் தடுமாறுகிறீர்கள். 60 டிகிரி கேட்டு வருபவருக்குப் பல சமயம் உண்மையில் தேவைப்படுவது 50 டிகிரி. ஒவ்வொன்றுக்கும் இடையே 4 முதல் 6 டிகிரி இருக்கட்டும். 44, 50, 56 என்று மூன்றே மட்டையில் கோர்வையாக ஆடலாம். 14 மட்டை வரம்பில் இடம் இல்லையென்றால், நீங்கள் ஆண்டுக்கு நாலு முறை எடுக்கும் நீண்ட அயர்னை வீட்டில் விட்டுவிடுங்கள்.

இடைவெளி சரியாக இருந்தும் தூரம் மாறுகிறதென்றால் வீச்சின் அளவை நிலைப்படுத்துங்கள். இடுப்புவரை, நெஞ்சுவரை, தோள்வரை என்று மூன்று அளவு. ஒவ்வொரு வெட்ஜிலும் பத்துப் பத்து அடித்து, நடுவாக விழும் தூரத்தைச் சின்ன அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். ரேஞ்ச் பந்தில் வரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அடிபட்டுத் தேய்ந்த பந்துகள் குறைவாகவே போகும். எந்த அளவு எதைவிட எவ்வளவு கூடப் போகிறது என்பதை ரேஞ்சில் பழகிக்கொண்டு, மீட்டர் கணக்கைக் களத்தில் உங்கள் பந்தில் திருத்திக்கொள்ளுங்கள்.

*பட்டறைக்கு வர வேண்டிய இடம்.* மேட்டில் ஆண்டுக்கணக்கில் அடித்த மென்னிரும்பு வெட்ஜில் லாஃப்ட் ஓரிரு டிகிரி நகர்ந்திருக்கலாம். அளக்க ஐந்து நிமிடம்தான். வளைத்தும் கொடுக்கலாம், ஆனால் அடித்து உருவாக்கிய மென்னிரும்பாக இருந்தால் இரண்டு டிகிரிவரைதான். வார்த்துச் செய்த எஃகு மட்டைகள் விறைப்பானவை, சில விரிசல் விடும். இன்னொன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும். 56, 10 உள்ள மட்டையை 54 ஆக்கினால் பவுன்ஸ் 8. அறிகுறி 1 உள்ளவர் அதைச் செய்துகொள்ளவே கூடாது.

அறிகுறி 6: பந்து வலப்பக்கம் தெறித்து ஓடுகிறது

ஷாங்க். தண்டும் தலையும் சேரும் கழுத்தில் பந்து படுகிறது. ஒரு முறை வந்தால் மனம் கலங்கிவிடும், அதனால் இதை உடனே, அமைதியாகப் பிடித்துவிட வேண்டும்.

பந்தின் பின்புறம் மார்க்கரால் ஒரு பெரிய புள்ளி வைத்து அடியுங்கள். முகத்தில் மை எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். கழுத்தை ஒட்டி இருந்தால் பந்துக்கு அப்பால், 5 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு பந்தை வையுங்கள். உள்பக்கப் பந்தை மட்டும், வெளிப்பந்தைத் தொடாமல் அடியுங்கள். குதிகாலில் எடை இருந்தால் எளிதாக வரும். முன்பாதத்தில் சாய்ந்தால் வெளிப்பந்தும் பறக்கும். பெரும்பாலான ஷாங்க் இந்தச் சாய்வில்தான் பிறக்கிறது.

மட்டையை மாற்றி இது தீர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வாரத்தில் போகவில்லையென்றால் நேராகப் பயிற்றுநர்.

அறிகுறி 7: கையில் மட்டை திரும்புகிறது, அல்லது தலையில் கடகடவென்று சத்தம்

திரும்புகிறதென்றால் பிடியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியாமல், பளபளவென்று மின்னினால் ரப்பர் இறுகிவிட்டது. நம் வியர்வைக்கு அது சீக்கிரமே நடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல்தூரிகை. நன்றாகத் தேய்த்துக் காயவைத்துப் பாருங்கள். இன்னும் வழுக்கினால் புதுப் பிடி போடுங்கள். கையுறை இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம் வந்தால், தண்டை ஒரு கையிலும் தலையை மறு கையிலும் பிடித்துத் திருகுங்கள். கொஞ்சமும் அசையக்கூடாது. அசைந்தாலோ, கழுத்தில் உள்ள கறுப்பு வளையம் மேலே நகர்ந்து இடைவெளி தெரிந்தாலோ, அந்த மட்டையால் இன்னொரு பந்துகூட அடிக்க வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் எபாக்சிப் பசை விட்டுவிட்டது. வீச்சின் நடுவே தலை கழன்று பறந்தால் பக்கத்து மேட்டில் நிற்பவருக்கு ஆபத்து. திறந்த கார்ப்பேட்டையில் நாளெல்லாம் வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் பசை சூடாகிச் சூடாகித் தளரும். பையை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான். வீட்டில் பசை வாங்கி ஒட்டாதீர்கள், பட்டறையில் கொடுங்கள்.

அறிகுறி 8: மணிக்கட்டு அல்லது முழங்கையில் வலி

சிமெண்டுத் தரைமேல் விரித்த மெல்லிய மேட்டில் கொத்திக் கொத்தி அடிப்பவர்களுக்கு இது வரும். மார்க்கர் சோதனையில் முன்விளிம்பு மட்டும் அழிந்தவர்கள்தான் பெரும்பாலும். அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலி போனபின் தடித்த மேட் உள்ள இடமாகப் பார்த்து, இடுப்புவரை வீசும் சிப்பில் தொடங்குங்கள். ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்தில் குறையவில்லையென்றால், அல்லது கோப்பிக் குவளையைத் தூக்கும்போதே முழங்கையின் உள்பக்கம் சுரீரென்றால், பட்டறைக்கு வரவேண்டாம். பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.